ஹெட்செட்டுக்குள் ஒரு பிரதட்சணம்

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கணவர் கார்த்தி எங்கள் வீட்டு ஹாலில் பன்னிரண்டு முறை செத்துப்போனார்.

பதற வேண்டாம், விளையாட்டில்தான். கண்ணை முழுசாக மூடும் விஆர் ஹெட்செட் ஒன்றை மாட்டிக்கொண்டு, கைக்கொரு கன்ட்ரோலரோடு, கோரைப்பாய் நடுவில் நின்றபடியே செத்தார்.

ஹெட்செட் எங்களுடையது இல்லை. கார்த்தியோடு வேலை பார்க்கும் பிரபுவுடையது. எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறார். அதை விற்க நினைத்தவர், “பத்து நாள் வச்சுப் பாருங்கண்ணே. பிடிச்சிருந்தா எடுத்துக்குங்க” என்று பெட்டியோடு கொடுத்துவிட்டார்.

ஆக, பத்து நாளில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். டிவியில் ஆடுவதைவிட இதில் ஆடும்போது நிஜமாகவே விளையாட்டுக்குள் போய்விட்ட மாதிரி இருக்கிறதா, இல்லையா?

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். கேள்வி வந்தால் எனக்கு முதலில் நோட்டுதான் வேண்டும். எழுதினேன். ஒன்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எத்தனையாவது தடவை திரும்புகிறார்? இரண்டு, குக்கர் விசில் காதில் விழுகிறதா? மூன்று, தலைசுற்றல் உண்டா? நான்கு, கழற்றிய பிறகு சகஜமாக எவ்வளவு நேரம் ஆகிறது?

முதல் மூன்று நாள் முடிவுகள்: மூன்றாவது தடவை. இல்லை. லேசாக. நான்காவது கட்டம் காலி. அதை அளக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

ஆனால் உண்மையான விடை என் நோட்டில் இல்லாத ஒரு இடத்தில் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு சாவுகளில்.

விளையாட்டு எங்களுக்குப் பழக்கமானதுதான். காட்டுக்குள் இடிந்து கிடக்கும் ஒரு கோயில். நடுவில் கோபுரம், அதைச் சுற்றிக் கல் பாவிய பாதை. கோபுரத்தைப் பார்த்து நின்று வலப்பக்கம் திரும்பி, அப்பிரதட்சணமாகச் சுற்றி வந்தால் பின்னால் ஒரு கதவு திறக்கும். கோயிலில் சுற்றுவது போல இடப்பக்கம் தொடங்கி வலமாகச் சுற்றினால் பாதி வழியில் தரை பிளந்து உள்ளே விழ வேண்டியதுதான். டிவியில் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து இந்தக் கட்டத்தை ஒரே மூச்சில் தாண்டியிருக்கிறோம். எந்தப் பக்கம் சுற்றினோம் என்று யோசித்ததுகூட இல்லை.

ஹெட்செட்டில் ஒருவர்தான் ஆட முடியும். கார்த்தி பார்ப்பது எனக்கும் டிவியில் தெரிகிற மாதிரி இணைத்துவிட்டு, நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்கம் திரும்பி வலம் வர ஆரம்பித்தார். விழுந்தார். மறுபடி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி வலம்...

“ரைட்ல போகணும்ங்க” என்றேன்.

“தெரியுது. கால் வர மாட்டேங்குது.”

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கால் பாயில் அசையாமல்தான் நின்றிருந்தது. விளையாட்டில் நடப்பதெல்லாம் கட்டை விரலால்! காலையில் கோயிலைச் சுற்றி ஓடும் உத்திர வீதியில் வாக்கிங் போகும்போதுகூட வலமாகவே சுற்றுகிற மனிதர். எதிர்த்திசையில் வருகிறவர்களை ஒன்வேயில் நுழைந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். அந்தப் பழக்கம் இடிந்த கோயிலிலும், அதுவும் கட்டை விரலிலும் கூடவே வந்துவிட்டது.

டிவி திரையில் அது வெறும் படம். அப்பிரதட்சணமாகப் போனார், ஒன்றும் தோன்றவில்லை. ஹெட்செட்டில் அது கோயில். உடம்பு நம்பிவிட்டது. இதைவிட ஒரு டெஸ்ட் ரிசல்ட் வேண்டுமா? நோட்டில் பெரிய எழுத்தில் ‘ஆம்’ என்று எழுதினேன்.

எழுதிக்கொண்டே, பழக்கதோஷத்தில், “இன்னொரு தடவை ரைட்ல ட்ரை பண்ணுங்களேன்” என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “கொஞ்சம் பேசாம இரேன். நீ பேசினா நான் ஹால்ல நிக்கறது ஞாபகம் வந்துடுது.”

நியாயம்தான். அதையும் ‘ஆம்’ பக்கத்தில்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஏன் சும்மா இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். முதல் மூன்று வாரம் எங்கள் பேச்சு மொத்தமும் ‘சாப்பிட்டீங்களா’, ‘சாப்டாச்சு’ அளவில்தான். ஒரு சாயங்காலம் அவர் இரண்டாவது கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினார். அரை மணி நேரத்தில் நான், “டேய், பின்னாடி பாருடா” என்று கத்தியிருந்தேன். தொட்டியத்திலிருந்து வந்திருந்த மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரும்மா வந்திருக்கா?” என்றார். “கேம்ல ஒருத்தன் அத்தை” என்று சமாளித்தேன். கார்த்தி சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதிலிருந்து இரண்டு வருடமாகத் தினமும் ஒரு மணி நேரம். விளையாடுகிறோம் என்று பெயர். நிஜத்தில் அவர் சூப்பர்வைசர் மேல் உள்ள எரிச்சல், என் ரிலீஸ் டென்ஷன், மாமியாரின் முழங்கால், எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். கண் திரையில் இருப்பதால் சொல்வது சுலபம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் எங்கள் இரண்டு பேருக்குமே பேச வராது.

இந்த ஹெட்செட் வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு மணி நேரம் என்ன ஆகும்? நான் எழுதிய நாலு கேள்வியில் இது இல்லை.

இம்மெர்சிவ் என்கிறார்களே, அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். முழுக வைப்பது. காவிரியில் முழுக்குப் போடுகிறோம். நேற்று வரை செய்துகொண்டிருந்ததை அடியோடு விட்டுவிட்டாலும் ‘முழுக்குப் போட்டாச்சு’ என்றுதான் சொல்கிறோம். கார்த்தி போட்டுக்கொண்டிருப்பது எந்த முழுக்கு?

இப்படி யோசித்துக்கொண்டு நான் ரொம்ப நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். புதன்கிழமை நானே மாட்டிப் பார்த்தேன்.

என்ன சொல்ல... மேலே மரக்கிளையிலிருந்து ஒரு இலை விழுகிறது, அது என் தோளைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். திரும்பினால் அங்கேயும் காடு. கோபுரத்தின் கீழே போய் நின்றதும், சோபாவிலிருந்து அத்தனை தடவை ரைட் சொன்ன நானே, இடப்பக்கம் திரும்பினேன். விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். “சும்மா இருங்க” என்று கையைத் தட்டிவிட்டேன். கழற்றிப் பார்த்தால் டீபாய் மேல் என் டீ ஆடை படிந்து கிடந்தது. பக்கத்தில் அவருடைய டம்ளர் காலி. நான் நின்ற இடத்துக்கே கொண்டுவந்து கொடுக்கப் பார்த்திருக்கிறார். ஆக, குற்றவாளி ஒருவர் இல்லை, இருவர்.

அன்றைக்கே என் முடிவு ரெடி. வாங்கிவிடலாம். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டால் போயிற்று. காலண்டரில் கட்டம்கூடப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கார்த்தியின் முறை. அவர் கேட்டுக்கொண்டபடி நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கோபுரத்தின் முன் நின்றவர், கன்ட்ரோலரோடு இரண்டு கையையும் குவித்து, “பெருமாளே, மன்னிச்சுக்கோ” என்றார். வலப்பக்கம் நடந்தார். தரை பிளக்கவில்லை. பின்னால் கல் கதவு நகர்ந்தது, உள்ளிருந்து வெளிச்சம் வந்தது.

ஜெயித்தால் நாங்கள் கையோடு கை தட்டிக்கொள்வோம். பழக்கம். அவர் சட்டென்று இடப்பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கினார். சோபாவில் நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான். ஆனால் பாயில் நின்றபடி சுற்றிச் சுற்றித் திரும்பியதில், இப்போது அவருக்கு இடப்பக்கம் இருந்தது ஃப்ரிட்ஜ். டிவியில் அவர் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பாசி பிடித்த ஒரு கல் சுவர். அந்தக் காட்சி அசையாமல் அப்படியே நின்றது. தூக்கிய கையும்.

எழுந்து போய் அந்தக் கையில் தட்டலாமா? தொட்டால் ‘சும்மா இரு’ என்பாரோ? தயங்கி உட்கார்ந்திருந்த அந்தச் சில விநாடிகள் எனக்குப் பிடிக்கவில்லை.

கழற்றினார். நெற்றியில் பட்டையாக ஹெட்செட் அழுத்திய தடம்.

“திரும்பிப் பார்த்தேன். செவுரு இருந்துச்சு” என்றார்.

“இங்கதாங்க இருந்தேன்.”

“தெரியும்.” கொஞ்ச நேரம் கன்ட்ரோலரின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “பிரபுகிட்டயே கொடுத்துடலாமா?”

வாதாடியது நான்தான். அந்த இலை என் கண்ணிலேயே இருந்தது. இரண்டு ஹெட்செட் வாங்கினால் இரண்டு பேரும் உள்ளே போகிற விளையாட்டுகள் இருக்கின்றன என்று சொன்னேன்.

“உள்ள நீ எப்படி இருப்ப?”

டெக்னிக்கலாகப் பதில் சொன்னேன். தலை, உடம்பு, மணிக்கட்டு வரை இரண்டு கை. முகம் பொம்மை மாதிரி இருக்கும், பேசினால் வாய் அசையும். கால் பெரும்பாலும் இருக்காது.

“கால் இல்லாம எதுக்கு நீ?” என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதோடு வாதம் முடிந்தது.

நிஜமாகச் சொன்னால், என் கேள்விக்கு விடை மாறவில்லை. ஹெட்செட்டில் ஆடினால் விளையாட்டுக்குள் முழுசாகப் போய்விடுகிறோம். சந்தேகமே இல்லை. தனியாக இருக்கிறவர்களுக்கு, தனியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு, தாராளமாகச் சிபாரிசு செய்வேன். எங்களுக்குத்தான் அது சரிப்படவில்லை. டிவியில் பாதி உள்ளே, பாதி சோபாவில் என்று இருந்தோமே, அந்தச் சோபாப் பாதிக்காகத்தான் தினமும் விளையாடிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. குறை என்று நினைத்துத்தானே அதைச் சரிசெய்யப் பார்த்தோம்?

நேற்று எடமலைப்பட்டி புதூர் போய்ப் பெட்டியைக் கொடுத்தோம். பிரபுவுக்கு முகம் விழுந்துவிட்டது.

“ஏண்ணே, நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு பிரபு” என்றார் கார்த்தி. “பக்கத்துல இருக்கற ஆளே மறந்து போயிடற அளவுக்கு நல்லா இருக்கு. அதான்.”

பிரபுவின் மனைவி எங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். கணவர் பக்கம் திரும்பினார்.

“இதையேதானே நான் ஆறு மாசமா சொல்றேன்?”