ஒவ்வொரு மாடியிலும் ஒரு குழம்பு

அடி பஞ்சு!

நீ போய்விட்டாய் என்று கடலூரிலிருந்து உன் மகள் செல்வி போன் செய்தபோது, என் கையில் சுடாத மண் யானை ஒன்று இருந்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. அதன் தும்பிக்கையில் இருந்த தூசியை ஊதிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள்தான் அதை வாங்கி வைத்தார்கள்.

பஞ்சவர்ணத்தை இங்கே கூடியிருக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும். விருத்தாசலத்தில் எங்கள் பொம்மைக் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சிலிருந்து வந்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டிப் பிசிறு எடுத்தவள். என் வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனார் என்றால் சண்டை போட வேண்டுமே என்று காலையில் ஒரு சண்டை போடுவாள். மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறந்து முட்டையை எடுத்துக்கொண்டு சமாதானமாகிவிடுவாள்.

சில வருஷமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. நுரையீரல் நோய், முழுதாகத் தீராது என்று டாக்டர் சொல்லி இன்ஹேலர் கொடுத்தார். அவள் வேலையை விட்டாள். பிறகு நடப்பதையும் விட்டாள். தெருமுனைக் கடைக்குப் போனாலே இரைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் செல்வி முழுகாமல் இருந்தாள். அம்மாவால் முடியாது என்று தலைப்பிரசவத்தைக் கடலூரிலேயே மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அது பஞ்சுவைச் சுட்டுவிட்டது. போய்ப் பேரனைப் பார்க்கலாம் என்றால் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

"நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டுப் போயிடறோம் அத்தை" என்றார் மருமகன்.

"நான் என்னா கொலு பொம்மையா, படிப்படியாத் தூக்கி வெக்க? ஏறுனா என் காலால ஏறுவேன். இல்லன்னா வரல" என்றாள்.

சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிற பெண் ஒருத்தி இருந்தாள். "காத்து உள்ள வரலன்னு நெனச்சு வேகவேகமா இழுக்கிறீங்கம்மா. பழைய காத்து வெளிய போகாம உள்ளயே தேங்கி நிக்குது. மொதல்ல அதை மெதுவா அனுப்புங்க" என்றாள்.

"ஓகோ! எங்க அண்ணி வூட்டு விருந்தாளிங்க மாதிரி. இருக்கறவுங்க கெளம்புனாத்தான வர்றவுங்களுக்குப் பாய் போட முடியும்?"

என் தம்பி குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த சமயம் அது. நான் முறைத்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

உதட்டைக் குவித்து ஊதச் சொன்னபோதுதான் வேடிக்கை. இத்தனை வருஷம் பொம்மையில் தூசி ஊதிய வாய் அல்லவா? ஒரே ஊதில் மேஜையிலிருந்த காகிதமெல்லாம் பறந்தது. பின்னாலேயே இருமல். அவள் முதுகை நீவிக்கொண்டே நான் சொன்னேன்: "சுட்ட ஜாடிய ஊதற மாதிரி ஊதாத பஞ்சு. பச்ச பொம்மைக்கு வெரலு ஒடையாம ஊதுவியே, அப்படி ஊது."

ஊதினாள். மெல்லிசாக, நீளமாக. தோள் தானாகக் கீழே இறங்கியது.

அப்புறம் தினமும் பழமலைநாதர் கோயில் மதிலோரம் நடந்தோம். நடந்து முடித்ததும் என் டிபன் பாக்ஸ் முட்டை வழக்கம்போல அவளுக்குத்தான். இரைத்தால் குனிந்து முழங்காலில் கை ஊன்றி நிற்பாள். "மூச்சு வாங்குதுன்னு உக்காந்தா காலும் நம்மளோட உக்காந்துக்கும் அண்ணி" என்பாள். எங்கள் மொட்டைமாடிப் படியில் ஏறிப் பழகினாள். காலைத் தூக்கி வைக்கும்போது ஊத வேண்டும், நின்று இழுக்க வேண்டும். எனக்கு முட்டி வலிக்கும். அவள் விடமாட்டாள்.

கடலூருக்குப் போன அன்று, முதல் மாடியிலேயே அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மருமகன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் இரைக்க அவளுக்கு வெட்கம். திறந்திருந்த ஒரு வீட்டின் வாசல் நிலையைப் பிடித்துச் சாய்ந்துகொண்டு, "என்னாம்மா கொழம்பு?" என்றாள்.

முன்பின் தெரியாத அந்த அம்மா திகைத்துப்போய், "கத்திரிக்கா காரக்கொழம்புங்க" என்றது. என்னென்ன போட்டு வைத்தது என்று அது சொல்லி முடிப்பதற்குள் இவள் தலையை ஆட்டி ஆட்டி ஊதி முடித்துவிட்டாள். இரண்டாவது மாடியில் மீன் குழம்பு. அங்கே ருசி பார்க்கக் கையில் ஊற்றியே கொடுத்தார்கள்.

மேலே போய் உட்கார்ந்து, ஆறுதலாக நாலு மூச்சு விட்டு, பேரனை மடியில் வாங்கிக்கொண்டாள். அவன் நெற்றி முடியைப் பச்சைப் பொம்மையை ஊதுவதுபோல ஊதினாள். அப்புறம், "கீழ மீன் கொழம்பு. உன் வூட்டுல என்னாடி?" என்றாள் செல்வியிடம்.

நோய் தீரவில்லை. அவளுக்கு ஏறத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனையோ தரம் ஏறினாள். இந்தப் பனிக்காலத்தில் பேரனைப் பார்க்கப் போன இடத்தில் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, எழுந்திருக்கவில்லை.

நான் அலறி அடித்துக்கொண்டு போனபோது முதல் மாடி அம்மா வாசலில் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழம்பு கேக்குற அம்மா போயிட்டாங்களே. அவுங்க வர்ற அன்னிக்கு நான் ஒரு காய் கூடுதலாப் போடுவேங்க" என்று அழுதது. எனக்கு மேலே ஏறக் கால் எழவில்லை. உதட்டைக் குவித்து ஊதினேன். ஒரு படி ஏறினேன். மறுபடியும் ஊதினேன்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஊதல்தான். நெஞ்சு முட்டும்போதெல்லாம், உள்ளே தேங்கியதை முதலில் மெதுவாக அனுப்பிப் பார்க்கிறேன். போகிறது. டிபன் பாக்ஸில்தான் முட்டை மிச்சமாகிவிடுகிறது.

பஞ்சு, அங்க இன்னிக்கு என்னாடி கொழம்பு?