ஊதா பச்சையான கேன்

அந்தக் கேனின் மூடியைத் திறந்தது யார்? ஐந்து வாரங்களாக இந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன், மகளுக்குத் தலை பின்னுகிறேன்.

என் கணவர் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் மின்சார ஆட்டோவுக்கு ஃப்ளோ பேட்டரி பொருத்திப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். இரண்டு தொட்டிகளில் இரண்டு திரவங்கள். பம்பு அவற்றைச் சுழற்ற, நடுவில் மின்சாரம் உண்டாகும். சார்ஜ் தீர்ந்தால் காத்திருக்க வேண்டாம், திரவத்தை மாற்றி ஊற்றினால் போதும் என்பார். சோதனை ஆட்டோ எங்கள் வாசலில்தான் நிற்கும். மாற்றி ஊற்றுவதற்காக மஞ்சள் திரவம் ஒரு வெள்ளைக் கேனிலும், ஊதாத் திரவம் இன்னொன்றிலும் கொண்டுவந்தார். இரண்டிலும் ஆசிட் கலந்திருக்கிறது.

வீட்டின் பின்கட்டில் மாமனாரின் சாயப்பட்டறை. மிச்சச் சாயத்தை அவரும் அதே மாதிரி வெள்ளைக் கேன்களில்தான் வைப்பார். வெயில் படாத இடம் அது ஒன்றுதான் என்பதால் கணவரும் தன் கேன்களை அங்கேயே வைத்தார். எந்தக் கேனில் என்ன என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் பள்ளி வேன் வந்துவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சாயத்தில் ஆசிட் அளவு சரியா என்று பார்க்க மாமனார் ஒரு பட்டு நூல் துணுக்கை நனைத்து, பிழிந்து, நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார். பக்கத்தில் நின்று என் நான்கு வயது மகள், வெறும் தண்ணீரில் நூலை நனைத்து அதையே செய்து காட்டுவாள். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு நாள் மாலை, ஊதாக் கேன் பச்சையாக இருந்தது. காற்று பட்டால் அந்தத் திரவம் நிறம் மாறிவிடும் என்றார் கணவர். மூடி அரைத் திருகில் நின்றது. கேனுக்கு அடியில் ஒரு பட்டு நூல் துணுக்கு கிடந்தது. எடுத்து இழுத்தேன், நனைந்த காகிதம்போல் பிய்ந்து வந்தது.

மாமனாரைக் கேட்டேன். "நான் தொட்டிருந்தா இந்நேரம் உங்கிட்ட பேச நாக்கு இருக்குமா?" என்றார். சொல்லிவிட்டு அவரே பேத்தியைப் பார்த்தார். அதன்பின் அவள் எதிரில் அவர் நூலை நாக்கில் வைப்பதில்லை.

மகளிடம் "தொட்டியா?" என்று கேட்டால் "ஆமா" என்கிறாள். "தொடலதானே?" என்று கேட்டால் அதற்கும் "ஆமா". மறுநாள் ரசம் சாதம் எரிகிறது என்று தள்ளினாள். நான்தான் மிளகைக் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ? டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேன் பச்சையான அன்று காலை, என்ன வாசனை என்று பார்க்க அந்த மூடியை நானும் திறந்தேன். திறந்தது ஞாபகம் இருக்கிறது. மூடியது ஞாபகம் இல்லை.

கேன்கள் இப்போது கணவரின் பட்டறைக்கே திரும்பிவிட்டன. ஆனால் வரும் திங்கட்கிழமை முதல் மகளை அந்தச் சோதனை ஆட்டோவில்தான் பள்ளிக்குக் கூட்டிப்போகப் போவதாகக் கணவர் சொல்கிறார். தொட்டிகள் இருப்பது பின்சீட்டுக்கு அடியில்.

"மத்த பேட்டரிதான் எரியுது. இது தீப்பிடிக்கவே பிடிக்காதுமா," என்றார். "எம் பொண்ணே ஒக்காரலன்னா வேற யாரு ஒக்காருவாங்க?"

மூன்று வருட உழைப்பு அவருக்கு. தீப்பிடிக்காது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் ஐயம்பேட்டைச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டிகளிலிருந்து திரவம் ஓடும் ரப்பர் குழாய்கள் குலுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு காகிதம் எழுதி ஒட்டாமல் விட்டவள், இப்போது வேண்டாம் என்று சொன்னால் எடுபடுமா?

விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். திங்கட்கிழமை அவளை அந்தச் சீட்டில் உட்கார விடலாமா?