நீலம் இல்லாத வாடகை வீடு

போன மழைக்கு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மேற்குத் தாம்பரம், தரைத்தளம், வாடகை. முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாகத் திருட்டுத்தனமாக வந்தது, பிறகு வாசல் வழியாகவே வந்துவிட்டது. அம்மாவின் கிரைண்டர் மோட்டார் செத்தது. மாவு வைக்கிற ஃப்ரிட்ஜ் ஹாலில் மிதந்துபோய் டிவி ஸ்டாண்டில் முட்டி நின்றது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. இட்லி மாவு விற்றுத்தான் அம்மா என்னை சிவில் இன்ஜினியரிங் படிக்கவைத்தாள். படித்து முடித்து நான் சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன். என் கிளாஸில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மழை பெய்தால் அம்மா தூங்குவதில்லை. நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு கதவடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மா தூறினாலும் அப்படித்தான். ஆகவே அடுத்த மழைக்குள் வேறு வீடு. தரைத்தளமாக இருக்கவேண்டும், ஏனென்றால் மாவு வாங்க யாரும் மாடி ஏற மாட்டார்கள். தண்ணீர் வரக்கூடாது, ஏனென்றால் அம்மா தூங்கவேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வீடு பார்க்கப் போனால் வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி, “தண்ணி நிக்குமா?” உலகத்தில் எந்த வீட்டுக்காரரும் ஆமாம் என்று சொன்னதில்லை. பக்கத்துத் தெருவைக் கைகாட்டி, “அங்கதான் நிக்கும், இங்க சொட்டு நிக்காது” என்பார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனால் அவர்கள் இந்தத் தெருவைக் காட்டுவார்கள். கடுப்பாகிவிட்டது எனக்கு.

அப்போதுதான் காலேஜில் சர்வே கிளாஸில் காட்டிய பழைய நில வரைபடம் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் போன கொஞ்ச காலத்தில் அச்சிட்டது. ஒரு மைலை ஓர் அங்குலத்துக்குள் அடக்கியது. மடிப்பு விழுந்த ஸ்கேன் ஒன்று நெட்டில் கிடைத்தது. ஏரிகள் நீலம், ஊர்கள் சின்னச் சின்ன சிவப்புக் கட்டங்கள், மேடுகள் பழுப்புக் கோடுகள். அதை இன்றைய மேப்பின் மேல் ஒட்டி ஃபோனில் ஏற்றினேன். முதல் முயற்சியில் கொஞ்சம் தள்ளி ஒட்டித் தாம்பரம் ஸ்டேஷனையே ஏரிக்குள் இறக்கிவிட்டேன். பிறகு ரயில் பாதையையும் குன்றுகளையும் பிடித்து நேராக்கினேன். இப்போது நான் எங்கே நின்றாலும், அந்தக் காலத்துக் காகிதத்தில் ஒரு புள்ளியாக நின்றேன்.

பிடித்தது பைத்தியம். ஆபீஸ் கேபில் போகும்போது பார்ப்பேன், கேன்டீனில் பார்ப்பேன், தோழியின் ரிசப்ஷனில் சாம்பார் இலையில் ஆறிக்கொண்டிருக்கப் பார்ப்பேன். அந்த மண்டபம் பாதி நீலத்தில் இருந்தது. பெரும்பாக்கத்தில் ஒருத்தி புது அப்பார்ட்மென்ட் வாங்கிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். பால் காய்ச்சும்போது ஃபோனைத் திறந்தேன். வாயைத் திறக்கவில்லை. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் நீலம் கூடவே வந்தது. நான் தினம் ‘ரோடு’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று ஏரிக்கரையாம். அதன்மேல் பேக்கரி, மருந்துக்கடை, யோகா கிளாஸ்.

எங்கள் புரோக்கர் அண்ணாவிடம்தான் முதலில் காட்டினேன்.

“அண்ணா, இதப் பாருங்க. நாம இப்ப ஏரிக்குள்ள நிக்கறோம்.”

அவர் ஃபோனைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார். “ஏம்மா, ஏரின்ற, ஷூ நனையலியே.”

“பழைய மேப்ண்ணா.”

“பழைய மேப்ல என் வூடுகூட இல்ல. அதுக்குன்னு நான் இன்னா, மரத்துலயா குடியிருக்கேன்? ரெண்டு மாசமா வூடு காட்டிகினு கீறேன், நீ போனப் பாத்து உதட்டப் பிதுக்கிகினு கீற. பேஜாரு பண்றம்மா நீ.”

அம்மா அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். “அவரு வீடு காட்ட வர்றாரு, நான் வீடு பாக்க வர்றேன். நீ மட்டும் ஏரி பாக்க வர்றடி.”

புரட்டாசி பிறந்துவிட்டது. சாயங்காலத்தில் மேகம் கூடினாலே அம்மா நாற்காலியை எடுக்கப் போனாள்.

பிறகு ஒரு மத்தியானம், டெஸ்ட் கேஸ் எழுதுகிற நேரத்தில், மண்டையில் அடித்தது. நான் நீலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், சிவப்பைப் பார்க்கவேயில்லை. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் மேடு பார்த்துத்தானே கட்டியிருப்பார்கள்? பழைய ஊர் எங்கே இருந்ததோ அங்கே போகவேண்டும். மாடம்பாக்கத்தைத் தாண்டி ஒரு சின்ன சிவப்புக் கட்டம், சுற்றிலும் பழுப்புக் கோடு. புரோக்கர் அண்ணாவுக்கு ஃபோன் போட்டேன். அதே தெருவில் வீடு இருந்தது! தரைத்தளம்! ஸ்கூட்டரில் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் என் மூளையை நானே புகழ்ந்துகொண்டு போனேன்.

பழைய ஊர்தான். குறுகிய தெரு, நடுவில் சிமென்ட் ரோடு. வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து, “பாத்து எறங்கி வாங்க” என்றார்.

இறங்கித்தான் போனோம். ரோட்டிலிருந்து வீட்டுக்குள் கீழே போகப் படிகள் இருந்தன. ஜன்னலில் நின்று பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரிந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு, அதன்மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, மேடாக இருந்த வீடு பள்ளமாகிவிட்டிருந்தது. இந்த மேடு எந்த மேப்பில் வரும்?

“மழ வந்தா எப்டிங்க?” என்று அம்மா கேட்டாள்.

“ஏரித் தண்ணி இந்தப் பக்கம் வந்ததே இல்லம்மா. ரோட்டுத் தண்ணிதான் வரும். மணல் மூட்ட வெச்சிருக்கோம், கவலப்படாதீங்க.”

ரொம்ப நேர்மையாகச் சொன்னார் பாவம். நான் ஃபோனைப் பைக்குள் போட்டேன். புரோக்கர் அண்ணா எங்கேயோ பார்த்துக்கொண்டு, “இதுலகூட மீனு கெடைக்கும்போல கீதே” என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டரைத் திருப்பினேன். அம்மா ஏறவில்லை. எதிரே மூன்று மாடிக் கட்டடம். கீழே கீரைக்காரர் தள்ளுவண்டியோடு நிற்க, மேலிருந்து ஓர் ஒயர் கூடை கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. பால்கனியிலிருந்து ஒரு பெண், “முருங்கக்கீர பழுத்திருந்தா திருப்பி அனுப்பிடுவேன்” என்று கத்தினாள். கட்டு கூடைக்குள் விழுந்தது. கூடை மேலே போனது.

“ஏண்டி, கீர மேல போவுதே,” என்றாள் அம்மா.

“ஆமா. அதுக்கென்ன?”

“கீர மேல போனா மாவு கீழ வராதா?”

புரோக்கர் அண்ணாதான் முதலில் சிரித்தார். “அம்மா, போன மாசம் மாடி வூடு ஒண்ணு காட்டுனேனே, தெருவப் பாத்த பால்கனி. வேணாம்ட்டீங்க. இன்னும் காலியாத்தான் கீது.”

“அம்மா, அது நட்டநடு நீலம்மா!”

“கீழதானே நீலம்? நான் மேல இருக்கப் போறேன்.”

கிரைண்டரை மாடிக்கு ஏற்றிய ஆட்கள் திட்டிய திட்டு தெரு முழுக்கக் கேட்டது. அம்மா வலுவான நைலான் கயிறும் மூடி போட்ட கூடையும் வாங்கினாள். முதல் வாரம் வேடிக்கை பார்த்த தெரு, இரண்டாவது வாரம் கீழே நின்று கூப்பிட ஆரம்பித்தது.

ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிடித்துக்கொண்டது மழை. தெருவில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். நான் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கீழ் கேட்டில் தண்ணீர் எந்தக் கம்பிவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பேன், ஃபோனைத் திறப்பேன், என் புள்ளி நீலத்தின் நடுவில் அப்படியே நிற்கும், மூடுவேன். உட்கார முடியவில்லை. நாற்காலி மட்டும் காலியாகச் சுவரோரம் கிடந்தது.

கீழிருந்து ஒரு பையன், பேன்டைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் நின்றபடி, “ஆன்ட்டீ! மாவு!” என்று கத்தினான்.

நான் பால்கனியிலிருந்து எட்டி, வாயில் விரலை வைத்தேன்.

“கத்தாதடா. அம்மா தூங்கறாங்க.”

சத்தமில்லாமல் கூடையை இறக்கினேன்.