எங்கள் வீட்டு மியூசியத்தின் சிவப்பு ஷூ

எங்கள் வீட்டு மியூசியம் ஒரே ஒரு நாள்தான் நடந்தது. அதைத் திறந்து வைத்ததும் நான்தான், டிக்கெட் கிழித்ததும் நான்தான், அழுதுகொண்டே மூடியதும் நான்தான்.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த சமயம் அது. நான் ஆறாம் வகுப்பு. ஆம்பூரில் ஷூ ஃபாக்டரியையும் தோல் பதனிடும் டேனரியையும் மூடினால் ஊருக்கே வேலை இல்லை என்று அர்த்தம். அம்மா ஷூ ஃபாக்டரியில் தையல் லைனில் இருந்தாள். அப்பா டேனரியில் தோலை ஊறப்போடும் டிரம்மில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் காலையிலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்போதே வாய் ஜாஸ்தி. மூன்று பேரை ஒற்றை அறை வீட்டில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

அப்போதுதான் வேலூர்ப் பக்கம் ஒரு வரலாற்று மியூசியத்தில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்தார்கள். மியூசியத்துக்குப் பிள்ளைகள் வர முடியாது, அதனால் மியூசியமே பிள்ளைகள் வீட்டுக்கு வரும் என்று எங்கள் டீச்சர் சொன்னார். நான் நிஜமாகவே வேனில் ஏதோ வரும் என்று இரண்டு நாள் தெருமுனையில் போய் நின்றேன். வந்தது வாய்ஸ் மெசேஜ்தான். மியூசியத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, "செல்லங்களா" என்று ஆரம்பித்து வாரம் ஒரு வேலை கொடுப்பார். ஒரு வாரம் நவாபின் தலைப்பாகையை நியூஸ் பேப்பரில் செய்யச் சொன்னார். இன்னொரு வாரம் நடுகல். எங்கள் பக்கத்தில் கொல்லைமேட்டில் எங்கே பார்த்தாலும் வாளோடு ஒரு வீரன் கல்லாக நின்றுகொண்டிருப்பான் என்பதால் அது எனக்குச் சுலபமாக இருந்தது. களிமண் கிடைக்காமல் ரேஷன் கோதுமை மாவில் வீரனைச் செய்தேன். போட்டோ எடுத்து அனுப்பிய கையோடு அம்மா அவனைப் பிசைந்து சப்பாத்தி போட்டுவிட்டாள்.

அதற்கடுத்த வாரம்தான் வீட்டு மியூசியம். வீட்டில் இருக்கிற ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அழகாக வைத்து, பக்கத்தில் ஒரு அட்டை எழுதி வைக்க வேண்டும். பொருளின் பெயர் என்ன, யார் பயன்படுத்தினார்கள், எங்கிருந்து வந்தது. கடைசிக் கேள்வியை அக்கா இரண்டு தடவை சொன்னார். "எங்கேருந்து வந்ததுன்னு தெரியாத பொருளை நாங்க மியூசியத்துல வெக்கவே மாட்டோம், செல்லங்களா. மத்தது மறந்தாலும் அதை மறக்கக் கூடாது." நன்றாகச் செய்தவர்களின் பொருளை, மியூசியம் திறந்ததும் நிஜமான கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் வைப்பார்களாம். அந்தக் கண்ணாடிப் பெட்டி என்னைப் பைத்தியமாக்கிவிட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்கு லாயக்கான பொருள் என்ன இருந்தது? அப்பா கிரிக்கெட்டில் வாங்கிய பிளாஸ்டிக் கப் ஒன்று இருந்தது, அதில் அவர் பல் விளக்கும் பிரஷை வைத்திருந்தார். என் வகுப்பில் படித்த தோஸ்த் ஒருத்தி, அம்மா ஃபாக்டரியின் சூப்பர்வைசர் பாய் மகள், தாதா என்று அவள் கூப்பிடும் தாத்தாவின் அத்தர் பாட்டிலை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். பழைய பாட்டில், மூடியில் வெள்ளிப் பூ வேலை. எனக்கு வயிறு எரிந்தது.

அம்மாவின் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு சிவப்பு ஷூ இருப்பது எனக்குத் தெரியும். லேடீஸ் ஷூ, பட்டுப் போன்ற தோல், மெல்லிய பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். ஒரு கால் மட்டும்தான் இருந்தது. எப்போதோ ஒரு தடவை நான் கேட்டபோது "ஃபாக்டரி ஷூ, வை அத" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். ஃபாக்டரியைத் திறக்கப் போகிறார்கள், யார் யாரைக் கூப்பிடுவார்களோ தெரியவில்லை என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நாட்கள். அம்மா அன்று காலையில் கேட்டில் போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பீரோவைத் திறந்தேன்.

குண்டானைக் கவிழ்த்து, மேலே அம்மாவின் நீலப் புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் ஷூவை வைத்தேன். சன்னல் வெளிச்சம் பட்டதும் அது எங்கள் வீட்டுப் பொருளாகவே இல்லை. முன்னால் 'தொடாதீர்கள்' என்று ஒரு போர்டு. அப்பாவை எழுப்பி டிக்கெட் கொடுத்தேன். அவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொண்டார். அட்டையை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். 'இது என் அம்மாவின் ஷூ. இன்னொரு கால் தொலைந்துவிட்டது. இதை என் அம்மா ஃபாக்டரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.' வந்த இடம், கொண்டுவந்தவர், எல்லாம் பக்காவாக இருந்தது. எழுத்து தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். உடனே அக்காவிடமிருந்து கைதட்டல் பொம்மைகள் வந்தன. 'இதுவரை வந்ததில் இதுதான் பெஸ்ட்!' நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

ஆம்பூரில் ஒற்றை ஷூவைப் பார்த்து யாரும் இன்னொரு கால் எங்கே என்று கேட்கமாட்டார்கள். ஆர்டர் கொடுக்கும் ஃபாரின் பார்ட்டிக்குக் காட்டுவதற்காக முதலில் ஒரு காலை மட்டும் செய்வார்கள், அதற்குப் பெயர் சாம்பிள். அது ஃபாக்டரியை விட்டு வெளியே வரக் கூடாது. வெளியே வந்தால் திருட்டு. கேட்டில் பையைத் தடவிப் பார்ப்பதே அதற்குத்தான். இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரூப்பில் இருந்ததோ எல்லாம் அப்பா அம்மா போன்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சூப்பர்வைசர் பாய். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பாய் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"போட்டோ போட்டது யாரு?"

"நான்தான் பாய். நல்லா இருக்குல்ல?"

"சூப்பரா இருக்கு. மொதல்ல அத அழி."

அத்தர் பாட்டில் தோற்றுவிடும் என்ற பொறாமையில் மகள்தான் அப்பாவை அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியது. முடியாது என்றேன். அதற்குள் அப்பா எழுந்து வந்து, போனைப் பார்த்து, குண்டான் மேல் இருந்ததைப் பார்த்து, "அடிப்பாவி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவரே அழித்தார்.

அம்மா கேட்டிலிருந்து திரும்பி வந்தது அப்போதுதான். நல்ல சேதி கொண்டுவந்தவளைப் போல வேகமாகப் படியேறியவள், பாயைப் பார்த்து நின்றாள். பிறகு ஷூவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அப்போதுதான் முதல்தடவையாகப் பயம் வந்தது.

"இது அந்த இத்தாலிக்காரன் சாம்பிள்தானே?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"நீ ஹெல்பர்லேருந்து டெய்லர் ஆன புதுசுல தச்சது."

"ஆமா பாய். நான் தச்சு மொதமொதல்ல பாஸ் ஆன பீஸ். ஆர்டர் முடிஞ்சு வெட்டிப் போடற மூட்டையில கெடந்துச்சு. எப்படியும் வெட்டத்தான போறாங்கன்னு..."

"வெட்டலையே தங்கச்சி."

அப்பாதான் மெதுவாகக் கேட்டார், "இப்ப இன்னா பண்றது பாய்?"

"ஹெச்.ஆர். சார் பையனும் இந்த குரூப்ல இருக்கான். அவங்க வீட்ல பாத்தாங்களா இல்லியா, அல்லாவுக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் பாதிப் பேரத்தான் கூப்புடுறோம். எவள விடலாம்னு காரணம் தேடிட்டிருக்காங்க. நீங்களே எடுத்துக் குடுத்தா எப்படி?" என்று சொல்லிவிட்டு, பாய் பாக்கெட்டிலிருந்து பெரிய கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தார். "வெட்டிடலாம். வெட்டுனா வேஸ்ட்டு. வேஸ்ட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் ஷூவை நோக்கிக் கையை நீட்டியதும் நான் நடுவில் போய் நின்றேன். "மியூசியம் பொருளத் தொடக் கூடாது!" என்று கத்தினேன். போர்டைக் காட்டினேன். பாய் பாவம், குனிந்து அந்தப் போர்டை நிஜமாகவே படித்தார். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி என்னை ஓரமாக இழுத்தாள்.

"இருங்க பாய். நானே வெட்டறேன்," என்றாள். கத்தரிக்கோலை வாங்கவில்லை. என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, நான் பென்சில் சீவும் பாதி பிளேடை எடுத்துக்கொண்டு, ஷூவோடு சன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். ஷூவை இப்படியும் அப்படியும் திருப்பினாள். வெட்டினாள். நான் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுகை ஓய்ந்து திரும்பியபோதும் அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஷூவை வெட்ட இவ்வளவு நேரமா என்று அந்தக் கோபத்திலும் நினைத்தேன்.

முடித்ததும் பாயிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, லைனில் பீஸ் செக் பண்ணுவதைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலை வெட்டுக்குள் விட்டுப் பார்த்தார். "ம். போதும்," என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வெட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி வேறு போட்டோ எடுத்துக் குரூப்பில் போடச் சொன்னார். அட்டையில் என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். 'ஃபாக்டரி வேஸ்ட். வெட்டிப் போட்ட ஷூ. விளையாட எடுத்து வந்தது.' மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினேன். வேண்டுமென்றே கோணலாக எழுதினேன்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஷூவைப் பாழாக்க வந்த ஆளுக்கு அம்மா ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். அப்பா ஸ்கூட்டர் வரைக்கும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். பாய், "சும்மா இருப்பா, பேஜார் பண்ணாத," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அம்மாவிடம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசவில்லை. நம் வீட்டில் இருந்த ஒரே நல்ல பொருளை யாரோ சொன்னான் என்று நீயே வெட்டிவிட்டாயே, உனக்கு அறிவில்லையா என்று மட்டும் ஒருமுறை கேட்டேன். அவள் என் தட்டில் சோற்றைப் போட்டாள்.

மியூசியம் அக்கா அடுத்த நாள் போன் செய்தார். முதல் போட்டோவில் நன்றாக இருந்த ஷூ இரண்டாவதில் ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டார். அம்மா பக்கத்திலேயே நின்றதால், "அது வேஸ்ட்டுக்கா, வெளாட்டுப் பொருளு" என்றேன். "பரவாயில்ல செல்லம்," என்றார். கண்ணாடிப் பெட்டிக்கு அத்தர் பாட்டில் போனது. பாய் மகளோடு நான் ஏழாம் வகுப்பு பாதி வரைக்கும் பேசவில்லை. அம்மாவை முதல் வாரமே வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஷூவை வெட்டியதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, காலேஜ் திறப்பதற்கு முன் கொஞ்ச நாள் அதே ஃபாக்டரிக்கு ஹெல்பராகப் போனேன். பாய் அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார். என்னை உட்காரவைத்தது ரிஜெக்ட் பீஸ்களை வெட்டும் மேஜையில். முதல் நாள் நான் தோல் நடுவில் ஒரு கீறு கீறிப் போட்டேன். மேஜையில் இருந்த அக்கா சிரித்தாள். "இன்னாடி இது, ஆபரேசனா? தையல வெட்டு. தோல் கிழிஞ்சா ஒட்டிடுவான். தையல் போச்சுன்னா போச்சு. கால் விடற வாய்லேருந்து முன்மூக்கு வரைக்கும் தையல் மேலயே ஒரே இழுப்பா இழு." இழுத்தேன். ஒரு நொடி வேலை. அடுத்ததை எடுத்தேன். அதுவும் ஒரு நொடிதான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து புடவைக்கு அடியிலிருந்து அந்தச் சிவப்பு ஷூவை எடுத்துப் பார்த்தேன். வெட்டு நீளமாகத்தான் இருந்தது, பார்க்கிறவர்களுக்குக் கண்றாவியாகவும் இருந்தது. ஆனால் அது ஒரு தையல் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே, தையல் வளைகிற இடத்தில் தானும் வளைந்து, மடிகிற இடத்தில் தானும் மடிந்து போயிருந்தது. ஒரு நூல்கூட அறுபடவில்லை. காலமெல்லாம் தையல் செக் பண்ணியே பிழைத்த பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போதும் என்றிருக்கிறார்.

சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள், பாய் அவளை அவசரப்படுத்தவில்லை என்பது மட்டும்தான்.