மூன்றாம் லைன் மெத்தைகள்

எம்.பி.ஏ. முடித்துவிட்டு எட்டு மாதம் வேலை தேடினேன். பொங்கலூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பா தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். நான் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து செல்போனில் கம்பெனி கம்பெனியாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பேன். கோவையில் மூன்று இடங்களில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்றிலும் "அனுபவம் இருக்கா?" என்றே கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "யாராவது வேலை குடுத்தாத்தானுங்களே அனுபவம் வரும்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அந்த வேலையும் போயிற்று.

கடைசியில் எனக்கு வழிகாட்டியது ஒரு சாக்பீஸ் போர்டு. வேலம்பாளையத்தில் சித்தி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டில் அது தொங்கியது. 'உடனடியாக ஆட்கள் தேவை: ஓவர்லாக் டெய்லர், செக்கிங், கைமடி' என்று எழுதி, கடைசியில் இடம் போதாமல் நெருக்கி 'ஹெச்.ஆர். - 1' என்று போட்டிருந்தார்கள். கைமடி என்பது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்குகிற வேலை. தையல் தெரியாதவர்களை முதலில் அதில்தான் போடுவார்கள். அதற்கும் கீழே நான் இருந்தேன். ரோஷப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று உள்ளே போனேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வாரமே என் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். 'உங்கள் குறைகளை எந்த நேரமும் வந்து சொல்லலாம்.' கீழே ஒரு சிரித்த முகம் வேறு. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். ஐந்து மாதத்தில் அந்தக் கதவைத் தானாகத் திறந்து வந்தவர் டீ கொண்டுவருகிற அம்மா ஒருவர்தான். குறையே இல்லாத கம்பெனி என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதை மாதாந்திர அறிக்கையிலும் எழுதினேன்.

கம்பெனியில் நான்கு லைன்கள். ஒரு லைன் என்றால் முப்பது மிஷின்கள் வரிசையாக. ஒவ்வொருவரும் சட்டையின் ஒரு பகுதியைத் தைத்து அடுத்தவரிடம் தள்ள வேண்டும். மூன்றாம் லைனில் காலர் வைத்த டீ-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே பட்டன் வருகிற பட்டியைத் தைப்பதுதான் அதில் சிரமமான வேலை. ஒரு நூல் பிசகினாலும் சட்டையே கோணிக்கொள்ளும். பதினோரு வருடமாக அந்தப் பட்டியை ஓர் அக்கா தைத்துவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். அவர் தைத்துத் தள்ளினால்தான் பின்னால் இருக்கிறவர்களுக்கு வேலை.

கம்பெனி கொடுத்தது வெறும் மர ஸ்டூல். அதன்மேல் ஒவ்வொரு டெய்லரும் தானே தைத்த மெத்தை ஒன்றைப் போட்டு வைத்திருப்பார். கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணிகளைத் திணித்து, மிச்சத் துணியில் உறை போட்டுத் தைத்தது. ஒருவர் மெத்தையில் இன்னொருவர் உட்காரமாட்டார். பட்டி அக்காவுடையது பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது. நடுவில் நன்றாகக் குழிந்திருந்தது. மாலையில் எல்லோரும் போன பிறகும் அந்த மெத்தைகள் ஆளுக்கொரு நிறத்தில் ஸ்டூல்மேல் கிடக்கும். எனக்கு அது பார்க்கச் சகிக்காது. நான் படித்த பாடத்தில் தொழிற்கூடம் என்றால் படம் போட்டாற்போல் இருக்க வேண்டும்.

அப்போதுதான் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை வருகிறார்; மூன்றாம் லைன் வழியாகத்தான் நடத்திக் கூட்டிப்போகப் போகிறோம். மேனேஜர் என்னிடம், "லைன் மட்டும் சுத்தமா இருக்கோணுங்க" என்றார். என் திறமையைக் காட்ட இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோன்றியது. லைன் சூப்பர்வைசர் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக இரண்டு நாள் லீவு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மைக்கில் சொன்னேன். "மூணாம் லைன்ல இருக்கறவங்க எல்லாரும் உங்க மெத்தை, நூல் வெட்டற கட்டர், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் இன்னைக்கே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாதுங்க. ரொம்ப நன்றிங்க." மரியாதையாகத்தான் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன ஒரு கட்டுப்பாடு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பட்டி அக்கா மெத்தையை எடுத்துத் தட்டி, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மிஷினை ஒரு துணியால் துடைத்தார். தினமும் துடைப்பாரா என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை எட்டரை மணிக்கு மூன்றாம் லைனில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத வடக்கத்திப் பிள்ளைகள். அவர்களுக்கு மெத்தையே கிடையாது. மற்ற ஸ்டூல்களெல்லாம் காலி, நான் கேட்டபடியே படுசுத்தம். வெள்ளிக்கிழமை அந்தச் சட்டைகள் கண்டெய்னரில் ஏற வேண்டும்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் தென்காசிப் பக்கத்துக்காரர். அவரிடம்தான் முதலில் ஓடினேன். "இத்தன பேரு ஒரே நாள்ல எங்கண்ணா போனாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன மேடம், நீங்கதான நேத்து மெத்தைய எடுத்துட்டுப் போவச் சொன்னிய? இங்கன ஆள நிறுத்துறதே அப்படித்தான."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் பொறுமையாகச் சொன்னார். அங்கே யாரும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விடுவதில்லை. மெத்தையையும் கட்டரையும் எடுத்துக்கொண்டு போனால், இனி வரமாட்டார் என்று சூப்பர்வைசர் தெரிந்துகொள்வார். அதே மாதிரி ஆர்டர் குறைந்து ஆளை நிறுத்தும்போது கம்பெனியும் முகத்துக்கு நேராக வேலை இல்லை என்று சொல்லாது. மெத்தையை எடுத்துட்டுப் போங்க, வேலை வந்தாக் கூப்பிடறோம் என்று சொல்லும். நான் அதை மைக் வைத்து, நன்றி வேறு சொல்லி, இருபத்து நான்கு பேருக்கு ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "மத்தியானத்துக்குள்ள லைன் ஓடோணுங்க மேடம். இல்லீன்னா நீங்களும் வேற பக்கம் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார். நிரந்தரமாவதற்கு எனக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. திரும்பவும் மோட்டார் ரூம் படிதானா என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன்.

பட்டி அக்கா போனை எடுக்கவில்லை. லைனில் காலர் வைக்கிற பெண் எடுத்தாள். எல்லோரும் நல்லூரில் ஒரு கம்பெனிக்குக் காலையிலேயே போய்விட்டதாகவும், அங்கே ஆளுக்கு ஒரு கட்டுத் துணி கொடுத்துத் தைத்துக் காட்டச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். "அக்கா வந்தா நாங்க எல்லாரும் வர்றோமுங்க. அவங்க இல்லாம நாங்க எப்படிங்க வர்றது?" என்று வைத்துவிட்டாள். ஆக, ஒரே ஆள். அவர் வந்தால் லைன் வரும், லைன் வந்தால் என் வேலை இருக்கும்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நல்லூர் போனேன். அந்தக் கம்பெனி கேட்டிலும் ஆட்கள் தேவை போர்டு, அதன் கீழே வேலை கேட்டு வந்த பத்துப் பதினைந்து பேர். நானும் அவர்களோடு நின்றேன். உள்ளேயிருந்து நோட்டோடு வந்த ஒரு பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு என்ன மிஷின் தெரியுங்க்கா?"

"எதுவும் தெரியாதுங்க."

"அப்ப கைமடிக்கு நில்லுங்க" என்று ஓரமாகக் கை காட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள். என் வயதுதான் இருக்கும். நானும் தினமும் காலையில் எங்கள் கேட்டில் இப்படித்தான் முகத்தைப் பார்க்காமலே கேட்டுவிட்டுப் போவேன். மறுபேச்சு பேசாமல் ஓரமாகப் போய் நின்றேன்.

பதினொரு மணிக்கு டீக்கு விட்டார்கள். எதிர் பேக்கரிக்கு எங்கள் ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். பட்டி அக்கா தோளில் பை மாட்டியிருந்தார். பச்சை மஞ்சள் கோடு வெளியே எட்டிப் பார்த்தது. புது இடத்து ஸ்டூலில் அதை இன்னும் போடவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்க மேடம், இங்க எங்கீங்க?" என்றார்.

"உங்களத் தேடித்தானுங்க்கா வந்தேன். நான் உங்களை நிறுத்தலீங்க. வெளிநாட்டுலிருந்து லைன் பாக்க ஆளு வர்றாங்க. ரெண்டு நாளைக்கு மெத்தை இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னுதான் அப்படிச் சொன்னேன். எனக்கு இங்கத்த வழக்கம் தெரியலீங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அத அப்படியே சொல்லியிருக்கலாமுங்களே. ரெண்டு நாளைக்குன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கோணுங்க. தப்புத்தான்." பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களும் என்னன்னு ஆபீசுக்குள்ள வந்து கேட்டிருக்கலாமுங்களே. கதவுலயே எழுதி ஒட்டியிருக்கறேன்."

"ஆபீசுக்குள்ள நாங்க வந்து என்னத்தைங்க கேக்கறது? போகச் சொன்னதுக்கப்புறம் ஏன்னு கேட்டு நிக்கச் சொல்றீங்களா?" குரல் உயரவே இல்லை. "ஊட்ல கேட்டாங்க, என்ன தப்புப் பண்ணுனேன்னு. பதினோரு வருசமா தெச்சதுல எது தப்பாப் போச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தனுங்க. எனக்கு ஒண்ணும் தோணலீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலை போய்விடுமே என்று நல்லூர்வரை பதறிக்கொண்டு வந்தவள் நான். அவர் வேலை போனதென்று நம்பிய பிறகும், தன் தையலில் எங்கே பிழை என்று தேடியிருக்கிறார். பேக்கரி வாசலில் அத்தனை பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "வாங்கக்கா" என்றேன்.

அவர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இவங்க குடுத்த கட்டு பாதியில நிக்குதுங்க. அத முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வர முடியும். பாதியில போட்டுட்டு வந்தா நல்லா இருக்காதுங்க" என்றார். தைத்துக் காட்டத்தான் கொடுத்த துணி. விட்டுவிட்டு வந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் தலையாட்டினேன். மறுபடி ஓரமாகப் போய்க் காத்திருந்தேன்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மூன்றாம் லைன் ஓடியது. வெள்ளிக்கிழமை கண்டெய்னரும் போயிற்று. வியாழக்கிழமை வந்த வெளிநாட்டுக்காரர் மெத்தை ஒன்றுகூட இல்லாத லைனை நான்கு நிமிடத்தில் நடந்து முடித்தார். போன பிறகு அனுப்பிய குறிப்பில் எங்கள் லைனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: தொழிலாளர்கள் வெறும் மர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மெத்தை கொடுக்க வேண்டும். மேனேஜர் அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அந்த ஒரு முறைதான் அவர் சிரித்து நான் பார்த்தது.

மூன்று வாரம் கழித்து என்னை நிரந்தரம் செய்தார்கள். கம்பெனி நீல நிறத்தில் ஒரே மாதிரி மெத்தைகள் வாங்கிப் போட்டது. பாதிப் பேர் அதில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் பழையபடி தங்களுடையதையே கொண்டுவந்து அதன்மேல் போட்டுக்கொண்டார்கள். கதவில் ஒட்டிய தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போதெல்லாம் டீ நேரத்தில் நானே லைனுக்குப் போய் நிற்கிறேன். எதைச் சொல்வதானாலும் முதலில் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்கிறேன். மைக்கைத் தொடுவதில்லை.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. பட்டி அக்கா அதே மிஷினில்தான் இருக்கிறார். என்னோடு நன்றாகப் பேசுவார். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார். ஆனால் அந்தப் புதன்கிழமையிலிருந்து ஒரு நாள் தவறாமல், சாயங்காலம் எல்லா மெத்தைகளும் ஸ்டூலிலேயே கிடக்க, தன்னுடையதை மட்டும் தட்டி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். மறுநாள் காலை திரும்பக் கொண்டுவருகிறார். எட்டரைக்கு நான் முதலில் பார்ப்பது அவர் பையைத்தான்.

போன மாதம் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "இங்கயே வெச்சுட்டுப் போலாமுங்களேக்கா. எதுக்குத் தினமும் சுமக்கறீங்க?"

"இருக்கட்டுங்க மேடம்" என்றார். "ஒண்ணும் கனமில்லீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.