கோபக்காரியின் பெர்மிட்

எனக்குக் கோபம் வரும். இல்லன்னு சொன்னா என் வீட்டுக்காரரே சிரிப்பாரு. ஆனா அதை எழுதி நியூ ஜெர்சி போலீஸுக்கு அனுப்ப அந்த அங்கிளுக்கு என்ன வந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல.

தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது. காலேஜ்ல என்.சி.சி.யில இருந்தப்போ கேம்ப்ல ரைஃபிள் சுட்டிருக்கேன், நல்லாவே சுட்டிருக்கேன். அப்புறம் கல்யாணம், விசா, குழந்தைன்னு அதெல்லாம் மறந்தே போச்சு. கிரீன் கார்டு வந்த வருஷம், ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைத் தன்னோட ஷூட்டிங் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பிஸ்டலை ஒரு கையில நீட்டிப் பிடிச்சு, மூச்சை அடக்கி, பேப்பர்ல இருக்கற கறுப்பு வட்டத்தை மட்டும் பாக்கணும். அந்த ஒரு மணி நேரம் "சாப்பாடு ரெடியா"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்காகவே வாராவாரம் போய் கிளப் பிஸ்டலை இரவல் வாங்கிச் சுட்டேன். சொந்தமா ஒண்ணு வேணும்னு ஆசை வந்துடுச்சு. வாங்கறதுக்கு போலீஸ் பெர்மிட் வேணும். பெர்மிட்டுக்கு, சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேர் என்னைப் பத்தி எழுதித் தரணும்.

ஒண்ணு அந்த ஆபீஸ் அம்மா. ரெண்டாவதா அங்கிள் பேரைப் போட்டேன். எங்களுக்கு ரொம்ப முன்னாடியே வந்து செட்டில் ஆன டாக்டர், எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்துல பெரிய மனுஷன். என் கையால வத்தக்குழம்பை மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரு. அவரு எழுதினா கெத்தா இருக்கும்னு நெனச்சேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ரெண்டு வாரம் கழிச்சு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. டிடெக்டிவ் பொறுமையான மனுஷன். அங்கிள் அனுப்பின ஃபாரத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டாரு: "உங்களுக்கு ரொம்பக் கோபம் வரும்னும், உங்க கணவருக்கு இதுல சம்மதமில்லன்னும் எழுதியிருக்காரே?"

ஐயோ, அந்த நிமிஷம் வந்துச்சு பாருங்க கோபம்! ஆனா அங்க கோபப்பட்டா அங்கிள் எழுதினது நிஜமாயிடும், பெர்மிட்டும் போயிடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சை இழுத்து விட்டேன்.

"கோபம் வரும் சார். சுடும்போது வராது. வந்தா கை ஆடும், குண்டு பேப்பர்லயே படாது. கிளப்ல கேட்டுப் பாருங்க."

அவரு சிரிக்கல. வேற ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கன்னு புது ஃபாரம் ஒண்ணை நீட்டினாரு.

வீட்டுக்காரர் கேட்டாரு, "நான் வேணா எனக்குச் சம்மதம்னு ஒரு லெட்டர் எழுதித் தரட்டுமா?" பாவம், நல்ல மனசோடதான் கேட்டாரு. "நீங்க கார் வாங்கினப்போ நான் லெட்டர் எழுதிக் குடுத்தேனா? வேண்டவே வேண்டாம்"னுட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன்ல அங்கிளோட மனைவி தனியா உக்காந்திருந்தாங்க. சங்கத்துக் கூட்டத்துல எப்பவும் அவருக்குப் பின்னாடியே நிக்கற ஆன்ட்டி. ஆத்திரத்துல, யார்கிட்ட சொல்றோம்னுகூட யோசிக்காம எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க புளியோதரைத் தட்டை ஓரமா தள்ளி வெச்சாங்க, கையைத் துடைச்சாங்க.

"அந்த ஃபாரம் இருக்கா?"

பையிலதான் இருந்துச்சு. ஒவ்வொரு கேள்வியா படிச்சுப் படிச்சு எழுதினாங்க. "இருபது வருஷமா அவர் விரல் வெச்ச எடத்துலதான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இதைப் படிச்சுட்டுப் போடறேன்"னாங்க.

பெர்மிட் வந்துச்சு, பிஸ்டலும் வந்துச்சு. குண்டு போடாம, பூட்டின பெட்டியில, கார் டிரங்க்குல, நம்ம ஊர் டிக்கியில, வைக்கணும். தோட்டா வேற பெட்டியில. வீட்லேர்ந்து நேரா கிளப்ல சுடற ரேஞ்ச், அங்கேர்ந்து நேரா வீடு. வர்ற வழியில கறிவேப்பிலை வாங்கக்கூட நிக்க மாட்டேன். வீட்டுக்காரர் எவ்வளவு கிண்டல் பண்ணாலும் மாட்டேன்.

ஒருநாள் காலையில கிளம்பற நேரத்துல அங்கிள் போன் பண்ணாரு. "என் கார் ஒர்க்‌ஷாப்ல இருக்கும்மா. நீ அந்தப் பக்கம்தானே சுடப் போறே? எங்க ரெண்டு பேரையும் கோயில்ல இறக்கி விட்டுடேன்."

"முடியாது அங்கிள். பெட்டி டிரங்க்குல இருந்தா நடுவுல எங்கயும் போகக் கூடாது. சட்டம்."

"அடேயப்பா, எனக்கே சட்டம் சொல்றியா? அஞ்சு நிமிஷம்தானே!"

"அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நான் கோர்ட்டுல நிக்கணும். நீங்க வந்து சாட்சி சொல்வீங்களா? நீங்க எழுதினதைத்தான் நான் பாத்தேனே."

அவரு குரல் மாறிடுச்சு. "நான் அவ்வளவு எழுதியும், உனக்கு எவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்?"

எவ்வளவு வாய் இருந்து என்ன, அதுக்கு மட்டும் நான் வாயே திறக்கல. ஆன்ட்டி அந்த வீட்லதானே இருக்கணும். அப்போ லைன்ல க்ளிக்னு ஒரு சத்தம். அங்கிள் வீட்டுச் சமையலறையில அதே லைன்ல இருக்கற இன்னொரு போனை யாரோ எடுத்தாங்க.

"நான்தாங்க போட்டேன்"னாங்க ஆன்ட்டி.

அங்கிள் வாயைத் திறக்கறதுக்குள்ள என்கிட்ட சொன்னாங்க. "நீ கிளம்பும்மா. உனக்கு நேரமாகுது."

அன்னிக்கு ரேஞ்ச்ல என் கை ஆடுச்சு. முதல் குண்டு பேப்பர்லயே படல. கோபம் இல்ல, கண்ணுல தண்ணி. பிஸ்டலை மேஜை மேல வெச்சுட்டு, நல்லா அழுது முடிச்சு, மறுபடி எடுத்தேன்.