ராமராஜன் கிரீடம்

இது நடந்தது. நள்ளிரவில் அல்ல. காலை ஒன்பதரை மணிக்கு, கொளுத்தும் வெயிலில், தாமல் ஏரிக்கரையில், ஊரே கூடி நின்று பார்க்க நடந்தது. அன்று எடுத்த வீடியோ இன்னும் பல பேர் போனில் இருக்கிறது. பார்த்தவர்கள் விபத்து என்கிறார்கள். சிவபாலன் அப்படிச் சொல்வதில்லை.

சிவபாலன் பி.காம். படித்தவன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை. திருவிழா நாட்களில் பஞ்சாட்சரம் வாத்தியார் குழுவில் கூத்து ஆடுவான். கூத்தில் வேடக்காரன் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும். வீட்டில் பழகும்போது மனைவி சங்கரி போர்வையைத் திரையாகப் பிடிப்பாள். "கேக்கல. இன்னும் சத்தமா" என்பாள்.

இரண்டு வருடம் முன்பு சங்கரி இறந்தாள். அதன் பிறகு கூட்டத்தைப் பார்த்தாலே அவனுக்குப் பாட்டு வரவில்லை.

திருப்பருத்திக்குன்றத்தில் பீமன் வேடத்தில் வரி மறந்து நின்றுவிட்டான். "பீமன் வருவாருன்னு பார்த்தா, பால்காரரு வந்துக்கினு இருக்காரு" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. வாத்தியார் திட்டவில்லை. தாமல் படுகளத்திலும் தடுமாறினால் இனிமேல் திரை பிடிப்பதோடு நிறுத்திக்கொள் என்றார்.

படுகளம் என்பது பாரத விழாவின் கடைசி நாள். அறுபது அடி நீளத்துக்கு மண்ணில் செய்த துரியோதனன் தரையில் படுத்திருப்பான். அவன்மேல் ஏறி பீமனும் துரியோதனனும் சண்டை போடுவார்கள். பீமனின் கதாயுதம் மண் தொடையில்தான் இறங்க வேண்டும். உள்ளே புதைத்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் வழியும். அதோடு சண்டை முடியும். வேடக்காரன் மேல் அடி படவே கூடாது. அன்று துரியோதனன், துரைக்கண்ணு. பீமன், சிவபாலன்.

9.10. வேடம் போடும் கொட்டகை. சிவபாலன் வரிகளைச் சொல்லிப் பார்த்தான். முகத்தில் போட்ட கோடு கோணியது.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தான்.

குழுவின் வேடப் பெட்டியின் அடியில் சிவப்புத் துணியில் சுற்றிய கிரீடம் ஒன்று இருந்தது. ராமராஜனுடையது. பதினெட்டு வருடம் அந்தக் குழுவின் பீமன் அவர்தான். தை மாதம் இறந்துபோனார். இறந்தவர் கிரீடத்தை அந்தக் குழுவில் யாரும் வைப்பதில்லை. சிவபாலனுக்கும் அது தெரியும். ஆனால் இந்தக் கிரீடம் இருந்த தலை ஒரு வரியைக்கூட மறந்ததில்லை என்று நினைத்தான். தன்னுடையதை ஒதுக்கிவிட்டு அதை எடுத்தான்.

கிரீடத்தைத் தானே கட்டிக்கொள்ள முடியாது. தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எப்போதும் கட்டிவிடுவது ஆர்மோனியம் ஆனந்தகுமார். பின்னால் காலடி கேட்டது.

"கட்டுங்கண்ணே" என்றான்.

நெற்றியில் கயிறு இறுகியது. சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தான். ஏதோ கருகிய வாசனை. கற்பூரமாக இருக்கும் என்று நினைத்தான்.

"போதும்ணே."

இன்னும் ஒரு சுற்று இறுகியது.

அப்போது வெளியே ஆர்மோனியச் சத்தம் எழுந்தது. வாசிப்பது ஆனந்தகுமார்…

சிவபாலன் திரும்பினான். யாரும் இல்லை. மணி 9.28.

திரைக்குப் பின்னால் நின்று பாடினான். ஒரு வரிகூட மறக்கவில்லை. குரல் ஏரிக்கரையின் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. திரை விலகியதும் கூட்டம் வாயடைத்து நின்றது. முதல் இரண்டு நிமிடம் அவனுக்கு அழுகை வரும்போல் சந்தோஷம். சங்கரிக்குக் கேட்டிருக்கும் என்று தோன்றியது.

பிறகு சண்டை.

துரைக்கண்ணு மண் உடம்பின்மேல் ஓடினார். இவன் துரத்தினான். முதல் அடி மண்ணில். இரண்டாவது அடியில் பானை உடைந்தது. சிவப்பாக வழிந்தது. மேளம் நின்றது.

கை நிற்கவில்லை.

மூன்றாவது அடி துரைக்கண்ணுவின் தொடையில் விழுந்தது. மடக்… காய்ந்த கிளை முறிகிற சத்தம். நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

நான்காவது.

"போதும்பா…" என்றார் துரைக்கண்ணு, மெதுவாக.

சிவபாலன் விரல்களை விரிக்கப் பார்த்தான். விரியவில்லை.

ஐந்து.

ஆறு…

எது குங்குமம், எது ரத்தம் என்று தெரியவில்லை. நான்கு பேர் அவனைப் பிடித்து இழுத்தார்கள். கிரீடம் உருண்டு மண்ணில் விழுந்தது.

உடனே கை திறந்தது. மணி 9.41.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். துரைக்கண்ணுவுக்குத் தொடை எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. அவர் கோபப்படவில்லை.

"அழுவாத. பதினெட்டு வருஷம் அந்த ஆளு முன்னாடி ஓடினவன் நான். யாரு அடின்னு எனக்குத் தெரியாதா?"

வராந்தாவில் வாத்தியார் நின்றிருந்தார். மூன்று ஊர்க்காரர்கள் அதே பீமன் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றார். சிவபாலன் கிரீடத்தை எடுத்ததை ஒப்புக்கொண்டான்.

"யாரு கட்டிவிட்டது?"

"தெரியல. கயிறு சூடா இருந்துச்சு."

வாத்தியார் அவன் நெற்றியைப் பார்த்தார்.

"அதுல கயிறே கிடையாதேப்பா. அவன் செத்த அன்னிக்கே நான் அறுத்துட்டேன். அந்தக் கயித்த அவன் நெஞ்சு மேல வச்சுதான் கொள்ளி போட்டோம்."

சிவபாலன் நெற்றியைத் தொட்டான். கயிறு பதிந்த கோடு இன்னும் சுட்டது.